சம்பந்தப்பட்ட கம்பெனி

அந்தக் கூடத்தில் அவளுக்கு 'மாத்தல் ராணி' என்று பெயர். வைத்தவர்கள் கிண்டலாகத்தான் வைத்தார்கள், அவள் அதைப் பட்டமாகவே வாங்கிக்கொண்டாள். போனில் வருகிற ஆளை அடுத்த கம்பெனிக்கு மாற்றிவிடுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. சும்மா சொல்லக்கூடாது, அது ஒரு திறமைதான். மற்றவர்கள் மாற்றிவிட்டால் அந்தப் பக்கம் இருப்பவர் கத்துவார், மேலதிகாரியைக் கூப்பிடு என்பார், சில பேர் சாபமே விடுவார்கள். ராணி மாற்றிவிட்டால் நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். "ஒரு நிமிஷம் இருங்கம்மா, சரியான ஆளுகிட்டயே குடுத்துடறேன்" என்று அவள் சொல்லும்போது, கேட்கிறவருக்குப் பட்ட கஷ்டமெல்லாம் இத்தோடு தீர்ந்தது என்று வயிறு குளிர்ந்துவிடும்.

கூடம் என்றால் சின்னக் கூடம் இல்லை. ஒரு பெரிய கட்டடத்தின் மாடி முழுக்க மேசைகள், மேசைக்கு மேசை கம்ப்யூட்டர், தலைக்குத் தலை ஒரு ஹெட்போன். நடுவில் துணி ஒட்டிய தடுப்புகள் வைத்து மூன்று வரிசையாகப் பிரித்திருந்தார்கள். நீல வரிசை, மருத்துவச் சாமான் விற்கிற ஒரு பெரிய கடைக்காகப் பேசும்; ராணி இருந்தது இதில்தான். மஞ்சள் வரிசை, சக்கர நாற்காலி செய்கிற கம்பெனிக்காக. பச்சை வரிசை, அந்த நாற்காலிக்குள் உட்காருகிற பேட்டரிக் கம்பெனிக்காக. மூன்று கம்பெனிகளும் போன் எடுக்கிற தலைவலியை வெளியே கொடுத்துவிட்டன, மூன்று தலைவலியும் வந்து சேர்ந்தது இதே கூடத்தில். போன் பண்ணுகிறவருக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது? மூன்று ஊரில் மூன்று ஆபீஸ் என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

பச்சை வரிசையில் ஒருவர் தும்மினால் நீல வரிசையில் கேட்கும். ஆனாலும் வாடிக்கையாளர் விஷயத்தை ஒரு வரிசை இன்னொரு வரிசையோடு பேசவே கூடாது என்று கறாரான உத்தரவு. கேன்டீனில் எல்லோரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவார்கள். பிள்ளைகள் வாங்கின மார்க், மாமியார் சண்டை, முட்டிவலிக்கு எந்த டாக்டர் என்று எல்லாவற்றையும் பேசித் தீர்ப்பார்கள். வேலையைப் பற்றி மட்டும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

ராணியின் வித்தை என்னவென்றால், அவள் முதல் வார்த்தையைப் பிடித்துவிடுவாள். "சக்கர நாற்காலி" என்று காதில் விழுந்ததா, விரல் மஞ்சள் பொத்தானுக்குப் போய்விடும். அதற்குப் பிறகு அந்த மனுஷர் என்ன கதை சொன்னாலும், எந்தத் தேதியில் வாங்கினேன், யாருக்காக வாங்கினேன் என்று எவ்வளவு புலம்பினாலும், அது அவள் காதுக்கு வெளியேதான் நிற்கும். "அடடா", "ஆமாமா", "கஷ்டமாத்தான் இருக்கும்" என்று இடம் பார்த்துப் போடுவாள். பிறகு தேன் தடவின அந்த ஒரு வரி. பிறகு ஒரு தட்டு. அடுத்த ஆள்.

இதனால் அவளைக் கெட்டவள் என்று நினைத்துவிட வேண்டாம். தான் மாற்றிவிட்டவர்களுக்கெல்லாம் அந்தப் பக்கம் வேலை முடிந்துவிடுகிறது என்று அவள் மனசார நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? அவள் மாற்றிவிட்ட ஒருவர்கூட அவளிடம் திரும்பி வந்ததில்லை. திரும்பவும் போன் பண்ணுகிறவர் வேறு ஏதாவது சீட்டில் போய் விழுவார். போனவர்கள் போனவர்கள்தான். வீட்டுக்குப் போகும்போது இன்றைக்கு இத்தனை பேருக்கு வழி காட்டினோம் என்று திருப்தியாகப் போவாள்.

வீட்டில் அவளும் அவள் அண்ணனும் மட்டும்தான். அவள் புருஷன் கப்பல் வேலை, வருஷத்தில் ஒரு தடவை வந்து முகம் காட்டிவிட்டுப் போகிறவர். அண்ணனுக்கு ஐம்பது நெருங்குகிறது. சின்ன வயசுக் காய்ச்சல் ஒன்றில் இரண்டு காலும் போய்விட்டது. செல்போன் ரிப்பேர் செய்கிறவர். கடைத்தெருவின் முனையில், ஒரு ஆள் உட்காரவே இடம் போதாத ஒரு பெட்டிக்கடை. அவருக்கு இப்போது கல்யாணம். ஆமாம், கல்யாணம்தான்! பெண் யார் என்றால், பக்கத்துப் பெட்டியில் சாவி வெட்டிக் கொடுக்கிற அம்மாள். பல வருஷமாக ஒரு தகரச் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து வம்பு பேசினவர்கள். ஒருநாள் அந்த அம்மாள்தான் கேட்டாளாம், "இந்தத் தகரத்தை எடுத்துட்டா ரெண்டு பேருக்கும் காத்தோட்டமா இருக்குமே, என்ன சொல்றீங்க?" என்று. அண்ணன் மூன்று நாள் யோசித்துவிட்டு, பிறகுதான் அது தகரத்தைப் பற்றின பேச்சு இல்லை என்று புரிந்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை பதிவு அலுவலகத்தில் கையெழுத்து. ஆடம்பரம் எதுவும் வேண்டாம் என்று அண்ணன் சொல்லிவிட்டார். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்.

"பாப்பா, நான் என் வண்டியில நானே ஓட்டிக்கிட்டுப் போவேன். யாரும் என்னைத் தள்ளக்கூடாது. சொல்லிட்டேன்."

அதில் அவருக்கு ஒரு வைராக்கியம் இருந்தது. பேட்டரி நாற்காலி வாங்குகிற வரைக்கும் அவரை யாராவது தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். தள்ளிக்கொண்டு போகிறவர்கள் எங்கே நிறுத்துகிறார்களோ அதுதான் அவர் இடம். எத்தனையோ விசேஷங்களில் தூணுக்குப் பின்னால், செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில், மூட்டையை ஓரமாக வைப்பது போல வைத்துவிட்டு, "இருங்க, வந்துடறேன்" என்று போனவர்கள் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டுத்தான் வருவார்கள். ராணியின் கல்யாணத்திலேயே அவர் மேடையைப் பார்க்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த பேட்டரி நாற்காலி வந்த பிறகுதான் தான் நினைத்த இடத்துக்குத் தானே போனார். நினைத்தபோது திரும்பியும் வந்தார்.

அந்த நாற்காலிதான் செவ்வாய்க்கிழமை சாயந்தரம் நடுத்தெருவில் நின்றுவிட்டது. கைப்பிடியில் இருக்கிற ஓட்டும் குச்சியை முன்னால் தள்ளினாலும் பின்னால் இழுத்தாலும் கம்மென்று இருந்தது. சாவிக்காரம்மாள்தான் கடையைப் பூட்டிவிட்டு வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தாள். வழி முழுக்க அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார்.

ராணி கொஞ்சமும் கலங்கவில்லை. கலங்க என்ன இருக்கிறது? அது அவள் பேசுகிற கடையிலேயே வாங்கின நாற்காலி.

"அண்ணே, சொந்தக்காரங்க விஷயத்தை நாங்களே எடுத்துப் பார்க்கக்கூடாதுன்னு ரூல்ஸ். நீங்க எங்க நம்பருக்கு ஒரு போன் போடுங்க, போதும். எங்க ஆளுங்க அவ்வளவு சுறுசுறுப்பு. நாளைக்குச் சாயந்தரம் நீங்க தெருவுல ரவுண்டு அடிப்பீங்க, பாருங்க."

புதன்கிழமை சாயந்தரம் அவள் ஒரு கேக் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வண்டி ஓடினதற்கும் சேர்த்துக் கொண்டாடிவிடலாம் என்று நினைப்பு. உள்ளே நுழைந்தால், நாற்காலி மூலையில் கிடந்தது. கட்டிலில் அண்ணன் ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதித்துக்கொண்டிருந்தார், அதாவது அவரால் குதிக்க முடிந்த அளவுக்கு. சாவிக்காரம்மாள் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள்.

"பந்தாடிட்டாங்க பாப்பா! காலையிலேர்ந்து என்னைப் பந்தாடிட்டாங்க. கடைக்குப் போட்டா நாற்காலிக் கம்பெனியைக் கேளுங்கறான். நாற்காலிக் கம்பெனி, வெளக்கு எரியலைன்னா அது பேட்டரி சார், அவங்களைக் கேளுங்கன்னான். பேட்டரிக்காரி, வித்த கடை மூலமாத்தான் வரணும், நேரா வந்தா எடுக்க மாட்டோம்னுட்டா. சரின்னு மறுபடியும் கடை. செக்குமாடாட்டம் எத்தனை சுத்து சுத்தினேன்னு எனக்கே தெரியலை. காது சூடாகி வெந்துபோச்சு."

"யாராவது பேர் சொன்னாங்களா அண்ணே?"

"பேரைத் தூக்கி உடைப்புல போடு. முதல்ல எடுத்தா பாரு ஒருத்தி, அவதான் எல்லாத்துக்கும் மேல. என்னா குரலுங்கற! தேன் ஒழுகுது. 'ஒரு நிமிஷம் இருங்க சார், சரியான ஆளுகிட்டயே குடுத்துடறேன்'னா. நானும் கேனையன் மாதிரி தேங்க்ஸ் சொன்னேன். அவளை மட்டும் நேர்ல பார்த்தேன்னா..."

ராணியின் கையில் கேக் டப்பா. அது அவள் தினமும் சொல்கிற வரி. அண்ணனுக்கு ஆபீஸ்காரர்களோடு போனில் பேச வேண்டும் என்றால் குரலைக் கனமாக்கிக்கொண்டு பேசுகிற பழக்கம் உண்டு. ஆனால் அது சாக்கு. உண்மை என்னவென்றால், அவள் குரலையே கேட்கவில்லை. "சக்கர நாற்காலி" என்பதோடு அவள் காது மூடிக்கொண்டது.

"அது நான்தாண்ணே," என்றாள்.

சாவிக்காரம்மாள் விசிறுவதை நிறுத்தினாள். அண்ணன் தங்கை பக்கம் திரும்பினார்.

"நீயா? எங்கேயோ கேட்ட குரலாத்தான் இருந்துச்சு. ஆனா என் தங்கச்சி என்கிட்ட இவ்வளவு பதவிசா பேசி நான் கேட்டதே இல்லையே, அதான் அடையாளம் தெரியலை." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "வெள்ளிக்கிழமை கல்யாணம்னு சொன்னேனே பாப்பா. பொண்ணு யாருன்னுகூடச் சொன்னேன். நீ 'அடடா'ன்னே."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் தீர்ந்துவிடுமா? கேக்கை மேசை மேல் வைத்தாள். எத்தனை வருஷமாக எத்தனை பேரை இப்படிச் சுற்றவிட்டிருப்போம் என்று நினைத்தபோது உடம்பு கூசியது. அதற்கும் மேலே, தன் மேலேயே பொத்துக்கொண்டு கோபம் வந்தது. அந்தக் கோபம்தான் அவளைக் காப்பாற்றியது என்று சொல்ல வேண்டும்.

"அண்ணே, நாளைக்கு நான் ஆபீசுக்குப் போனதும் திருப்பி போன் போடுங்க. யார் என்ன சொன்னாலும் வைக்காதீங்க. நான் கூடவே வர்றேன்."

"போன்ல எப்படிக் கூட வருவ?"

"அதை நான் பாத்துக்கறேன்."

வியாழக்கிழமை காலை நீல வரிசை முழுக்க விஷயம் பரவிவிட்டது. மாத்தல் ராணி சொந்த அண்ணனையே மாற்றிவிட்டாளாம்! முதலில் சிரித்தார்கள். கல்யாணம் என்றதும் சிரிப்பு அடங்கியது. அண்ணன் போன் எந்தச் சீட்டில் விழும் என்று யாருக்கும் தெரியாது. ஆளாளுக்கு ஒரு கண்ணைத் திரையிலும் ஒரு கண்ணை ராணி மேலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கூடத்தில் ஒரு போனுக்காக ஜனங்கள் ஆவலாகக் காத்திருந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

கடைசிச் சீட்டில் இருந்த, வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பெண் எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினாள். வந்துவிட்டது!

ராணி ஓடினாள். "பேச்சை நீயே பேசு. எப்பவும் போலவே மஞ்சளுக்கு மாத்து. நான் அந்தப் பக்கம் போறேன்." அந்தப் பெண் பொத்தானைத் தட்டுவதற்குள் ராணி தடுப்பைச் சுற்றிக்கொண்டு மஞ்சள் வரிசைக்குள் நுழைந்துவிட்டாள். கழுத்தில் நீலப் பட்டை மாட்டின ஒரு ஆள் மஞ்சள் வரிசைக்குள் கால் வைப்பதா! அங்கே இருந்தவர்கள் பேசிக்கொண்டிருந்த பேச்சை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். எந்த மேசையில் புது அழைப்புக்கான விளக்கு எரிகிறது என்று தேடினாள். எரிந்தது தூங்குமூஞ்சியின் மேசையில். அவர் தூங்குகிறவர் இல்லை, முகவாகு அப்படி, நல்ல மனுஷர்தான், கேன்டீனில் தினமும் அவளுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவர்.

"வெளக்கு எரியலையா சார்? அப்ப அது பேட்டரிதான் சார். இருங்க, அவங்களுக்கே குடுத்து..."

அவர் விரல் பச்சைப் பொத்தானுக்குப் போவதற்குள் ராணி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். தூங்குமூஞ்சிக்கு முழி பிதுங்கியது.

"என்னம்மா பண்றே? கையை விடு. ரூல்ஸ் தெரியாதா?"

"அது என் அண்ணன். அந்த வண்டியில என்ன கெட்டுப்போச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கெப்படித் தெரியும்? அது பேட்டரிக்காரங்க பாடு."

"அப்ப மாத்தாதீங்க. கூப்பிடுங்க. இதோ, தடுப்புக்கு அந்தப் பக்கம்தானே இருக்காங்க." சொல்லிக்கொண்டே எட்டிப் பார்த்து ராணி குரல் கொடுத்தாள். "கணீரு, இங்க வாடி கொஞ்சம்."

கணீர் என்பது பச்சை வரிசையில் இருந்த பெண். அவள் மெதுவாகப் பேசினாலே வாசல் வரைக்கும் கேட்கும். ஹெட்போனைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தாள். மூன்று தலைகள் ஒரே மேசைக்கு மேல் குனிந்தன. தூங்குமூஞ்சி, என்ன ஆனாலும் ஆகட்டும் என்று, ஸ்பீக்கரைப் போட்டுவிட்டார்.

"பாப்பா, அங்க என்ன சந்தை இரைச்சலா இருக்கு?" என்றார் அண்ணன்.

"இருங்கண்ணே. மூணு கம்பெனியும் இங்கதான் நிக்குது."

"மூணும் ஒரே இடத்துலயா! அடப்பாவிங்களா, நேத்து முழுக்க நான் ஒரே ரூமுக்குள்ளயா சுத்தினேன்?"

அந்தக் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. பச்சை வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஒரு அம்மாள் சிரிக்காமல் எழுந்து நின்றாள். பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

மேஸ்திரி ஓடி வந்தார். மேற்பார்வையாளருக்கு அவர்கள் வைத்த பெயர் அது, நேரில் மட்டும் சார். "என்ன நடக்குது இங்க? அவங்கவங்க சீட்டுக்குப் போங்க. யார் அது லைன்ல? சம்பந்தப்பட்ட கம்பெனிக்கு மாத்திவிடுங்க."

"சம்பந்தப்பட்ட கம்பெனி எது சார்?" என்றாள் ராணி.

"எதுன்னா... எந்தக் கம்பெனிக்குச் சம்பந்தமோ அது."

"எங்க திரையில மஞ்சளுக்குக் காத்திருக்குன்னு போட்டிருக்கு. இவர் திரையில பச்சைக்குக் காத்திருக்குன்னு இருக்கு. இவ திரையில நீலத்துக்குக் காத்திருக்கு. நாங்க மூணு பேரும் இங்கதான் நிக்கறோம். நீங்களே சொல்லுங்க சார், யாருக்கு யார் காத்திருக்கோம்?"

மேஸ்திரி கையில் இருந்த கணக்குத் தாளைப் புரட்டினார். பாவம், அவரும் இத்தனை வருஷத்தில் இதை யோசித்ததில்லை. ஒவ்வொரு வரிசையும் எத்தனை பேரை எவ்வளவு சீக்கிரம் அனுப்பியது என்றுதான் அவரை மேலே கேட்பார்கள். அனுப்பினவர்கள் எங்கே போனார்கள் என்று யாரும் கேட்டதில்லை.

திரையின் அடியில், சாம்பல் நிறத்தில், 'நம்முடையது' என்று ஒரு பொத்தான் இருந்தது. அதைத் தட்டினால் வேலை தன் கம்பெனி தலையில் விழும், மறுநாளே ஆள் அனுப்பியாக வேண்டும். அந்தக் கூடத்தில் அதை யாரும் தட்டிப் பார்த்ததில்லை. நீல வரிசைக்காரர்கள் அது மஞ்சளுக்காக வைத்தது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். மஞ்சள்காரர்கள் பச்சைக்கு என்று. பச்சைக்காரர்கள் அது மேஸ்திரி மட்டும் தட்டுகிற பொத்தான் என்று. மேஸ்திரியோ அது வேலை செய்யாத பொத்தான் என்று நினைத்திருந்தார்.

ராணி தன் மேசைக்கு நடந்து போய், அண்ணனின் புகாரைத் திரையில் எடுத்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க அதைத் தட்டினாள்.

"தட்டிட்டேன் சார். என்ன பண்ணணுமோ பண்ணிக்குங்க."

தூங்குமூஞ்சி தன் திரையைப் பார்த்தார். ராணியைப் பார்த்தார். "சீ, என்ன பொழப்பு இது," என்று முணுமுணுத்துவிட்டுத் தானும் தட்டினார். கணீர் தன் சீட்டுக்கு ஓடிப் போய், அங்கிருந்தே, "நானும் தட்டிட்டேன்" என்றாள். மாடி முழுக்கக் கேட்டது. யாரோ கை தட்ட, கூடமே கை தட்டியது. மேஸ்திரி ஒரு காலி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, "திங்கக்கிழமை பேசிக்கலாம்" என்றார். ஸ்பீக்கரில் அண்ணன், "பாப்பா, இப்ப நான் வைக்கலாமா?" என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. மதிய இடைவேளைக்கு முன்னால் பதிவு அலுவலகத்தில் இருக்க வேண்டும். அண்ணன் முகச்சவரம் செய்து, புதுச் சட்டை போட்டு, கட்டிலில் தயாராக உட்கார்ந்திருந்தார். தெருவில் ஒரு வேன் வந்து நின்றது. பின்னாலேயே இன்னொன்று. அதற்குப் பின்னால் ஒரு ஸ்கூட்டர். நீலச் சட்டை போட்ட ஒருவர், மஞ்சள் சட்டை போட்ட ஒருவர், பச்சைச் சட்டை போட்ட ஒருவர், மூன்று மெக்கானிக்குகள்! ராணிக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒரு கம்பெனிகூட எட்டிப் பார்க்காத வீட்டுக்கு மூன்று கம்பெனியும் வந்து நிற்கிறதே!

சந்தோஷம் கொஞ்ச நேரம்தான். பச்சைச் சட்டை பேட்டரியைக் கழற்றி மீட்டரை வைத்துப் பார்த்தார். "பேட்டரி ஜம்முனு இருக்கு. எங்க பக்கம் ஒண்ணுமில்லை." மஞ்சள் சட்டை குச்சிக்கு அடியில் இருக்கிற பெட்டியைத் திறந்து பார்த்தார். "மோட்டார், குச்சி, போர்டு எல்லாம் சுத்தம். எங்க பக்கமும் ஒண்ணுமில்லை." நீலச் சட்டை, "நாங்க விக்கறவங்கதானே, நாங்க என்னத்தைப் பார்க்கறது? இவங்க ரெண்டு பேருக்குள்ள பேசி முடிச்சுட்டுச் சொல்லட்டும்" என்றார். மூன்று பேரும் பையை மூட ஆரம்பித்தார்கள். போனில் கேட்டதெல்லாம் இப்போது வாசலில் நேராகவே நடந்தது. அண்ணன் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை.

அப்போதுதான் கல்யாணப் பெண் வந்தாள். புதுப் புடவை, தோளில் எப்போதும் போல அந்தக் கனத்த பை. வாசலில் நின்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். யாரையும் ஒரு கேள்வி கேட்கவில்லை. பைக்குள் கை விட்டு ஒரு பூட்டை எடுத்தாள். இரும்பு கேட்டைச் சாத்தினாள். பூட்டினாள். சாவியைத் தன் ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள்.

"அம்மா, என்ன இது?" என்றார் நீலச் சட்டை.

"பூட்டு. வண்டி ஓடினா தொறப்பேன்."

"எங்களுக்கு வேற இடத்துல வேலை இருக்கும்மா."

"எனக்கும் இருக்கு. கல்யாணம்."

"உள்ளே வச்சுப் பூட்டறதெல்லாம் சட்டப்படி தப்பு, தெரியுமா?"

"அப்படியா? எந்த ஆபீசுல புகார் குடுக்கணும்னு சொல்லுங்க. எனக்குத் தெரிஞ்சவங்க ஒருத்தங்க இருக்காங்க, நல்லா மாத்திவிடுவாங்க." ராணியைப் பார்த்துக் கண் சிமிட்டினாள். "என்ன நாத்தனாரே, சரிதானே?"

"சரிதான் அண்ணி," என்றாள் ராணி. அந்த வார்த்தை அவளையும் அறியாமல் வந்துவிட்டது. அண்ணன் உள்ளே கட்டிலில் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

மஞ்சள் சட்டைதான் முதலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "சரி வாங்கய்யா. பேட்டரி நல்லா இருக்கு, மோட்டார் நல்லா இருக்கு. அப்ப கரண்ட் எங்கே போய்த் தொலையுது?" பச்சைச் சட்டையும் உட்கார்ந்தார். நீலச் சட்டை கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, பேன்ட்டைத் தூக்கிவிட்டுக்கொண்டு அவரும் குந்தினார். பச்சைச் சட்டை பேட்டரியிலிருந்து ஒயரைப் பிடித்துக்கொண்டு வந்தார். மஞ்சள் சட்டை மோட்டாரிலிருந்து பிடித்துக்கொண்டு வந்தார். சீட்டுக்கு அடியில் இரண்டு கையும் முட்டிக்கொண்டன. அங்கே ஒரு இணைப்பு, கட்டைவிரல் அளவுதான். பச்சையாகக் களிம்பு பிடித்து, பாதி கழன்று தொங்கியது.

"இது யாரோடது?" என்றார் பச்சைச் சட்டை.

"எங்களோடது இல்லை," என்றார் மஞ்சள் சட்டை.

இரண்டு பேரும் நீலச் சட்டையைப் பார்த்தார்கள். அவர் அசடு வழிந்தார். "கடையில கொடுக்கும்போது பேட்டரியை மாட்டிக் குடுப்போம். அப்ப மாட்டினது. மூணு வருஷமா யாரும் தொடலை போல."

ராணிக்கு வந்த கோபத்துக்கு அவரை நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பச்சைச் சட்டையிடம் புது இணைப்பு இருந்தது, அதை அழுத்திப் பொருத்துகிற குறடு மஞ்சள் சட்டையிடம் இருந்தது, மாட்டின பிறகு நல்லபடியாக இருக்கிறது என்று சொல்கிற உரிமை நீலச் சட்டைக்கு இருந்தது. ஒருவர் பிடிக்க, ஒருவர் அழுத்த, ஒருவர் டார்ச் அடிக்க, "இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்", "மெதுவா, மெதுவா", "விட்டுடாதே" என்று சின்னப் பிள்ளைகள் மாதிரி ஆரவாரம். குச்சிக்குப் பக்கத்தில் விளக்கு பளிச்சென்று எரிந்தது.

அண்ணனை மூன்று பேருமாகத் தூக்கி உட்கார வைத்தார்கள். அவர் குச்சியைத் தொட்டார். நாற்காலி முற்றத்தில் ஒரு வட்டம் அடித்தது, நீலச் சட்டையின் காலை மிதிக்கப் பார்த்தது, கேட்டுக்கு முன்னால் போய் நின்றது.

"தொறங்கம்மா," என்றார் அண்ணன். "நேரமாச்சு."

பிறகு நடந்ததை ஊர்வலம் என்றும் சொல்ல முடியாது, ஓட்டப் பந்தயம் என்றும் சொல்ல முடியாது. முன்னால் அண்ணன், முழு வேகத்தில், புதுச் சட்டை காற்றில் உப்ப. பக்கத்தில் கல்யாணப் பெண், ஒரு கையில் புடவைக் கொசுவம், தோளில் பை, பைக்குள் சாவிகள் குலுங்க. பின்னால் மூச்சு வாங்க ராணி. அவளுக்கும் பின்னால் மூன்று சட்டைகளும் கருவிப் பையோடு ஓடி வந்தன, வழியில் எங்கேயாவது நின்றுவிட்டால் என்ன செய்வது என்று. கடைத்தெருவில் ஆட்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். "ஏய், மாப்பிள்ளை போறாரு, வழி விடுங்கப்பா" என்று டீக்கடைக்காரர் சத்தம் போட்டார். அண்ணன் ஒரு கையைத் தூக்கி ஆட்டினார். நாற்காலி கொஞ்சம் தள்ளாடியது, "கையைக் கீழே வைங்கண்ணே" என்று ராணி கத்தினாள்.

பதிவு அலுவலகத்தில் அவர்களுக்கு முன்னால் யாரும் இல்லை. கண்ணாடி போட்ட ஒரு அதிகாரி காகிதங்களைப் புரட்டிப் பார்த்தார். நாற்காலியில் இருந்தவரை ஒரு தரம் பார்த்தார். பிறகு அவர் தலைக்கு மேலாக, பின்னால் நின்றிருந்த ராணியிடம் கேட்டார்.

"நீங்க யாரு? தங்கச்சியா? இவருக்குப் பொறுப்பு நீங்கதானே? கையெழுத்துப் போடப்போறது என்னன்னு இவருக்கு விளக்கமா சொல்லியிருக்கீங்களா?"

ராணிக்கு நாக்கு நுனி வரைக்கும் பதில் வந்தது. ஆமாம் சார், நான்தான் பார்த்துக்கிறேன் என்று சொல்லிப் பழகின வாய் அது. டாக்டரிடம், பேங்கில், ரேஷனில், எங்கே போனாலும் அவள்தான் அண்ணனுக்காகப் பேசுவாள். அண்ணன் பக்கத்திலேயே இருப்பார். அவருக்காகப் பேசுகிற சாக்கில் அவரையும் இத்தனை வருஷமாக மாற்றிவிட்டுக்கொண்டுதானே இருந்தோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வாயை மூடிக்கொண்டாள்.

அண்ணன் நாற்காலியை மேசை வரைக்கும் ஓட்டினார். முன்சக்கரம் மேசைக் காலில் இடித்தது. கண்ணாடிக்காரர் திடுக்கிட்டுக் குனிந்து அவரைப் பார்த்தார்.

"எனக்கு நான்தான் சார் பொறுப்பு. கேக்கறதை என்னைக் கேளுங்க."

"இல்லை, வழக்கமா ஒரு..."

"இந்தம்மாவுக்கு யார் பொறுப்புன்னும் கேட்டீங்கன்னா, இனிமே அதுவும் நான்தான்."

"அதுக்கு நான் இன்னும் கையெழுத்துப் போடலை," என்றாள் சாவிக்காரம்மாள். "எனக்கு நானே பொறுப்பு. நீங்க பேனாவை எடுங்க முதல்ல."

வாசலில் நின்ற மூன்று சட்டைகளும் ஒன்றாகச் சிரித்தன. ராணி சிரிக்கவில்லை. அவள் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, தோள் குலுங்க, வெட்கமே இல்லாமல் அழுதாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் அழுததே இல்லை.

அண்ணன் பேனாவை வாங்கிக்கொண்டார். மேசை கொஞ்சம் உயரம். கண்ணாடிக்காரர் காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து, சுற்றி வந்து, அவர் மடியில் ஒரு அட்டையை வைத்து, அதன் மேல் காகிதத்தை வைத்தார். "இங்க போடுங்க சார்" என்றார். அண்ணன் முதலில் படித்தார், எல்லா வரியையும், அவசரப்படாமல். பிறகு போட்டார்.